முடிச்சு நின்ற இடம்

பாலைக் குளிர வைக்க ஒரு நிலையம் கட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைத் தீர்மானிக்கப் புதுச்சேரி மேற்கு வட்டாரப் பால் சங்கத்தின் டைரக்டர்கள் ஒன்றரை வருஷமாகக் கூட்டம் போட்டுப் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். மானியம் வந்து பேங்கில் கிடந்தது. எந்திரம் வந்து, பெட்டிகூடப் பிரிக்காமல் குடோனில் கிடந்தது. எந்த ஊரில் கட்டுவது என்பதில்தான் வம்பு. ஒவ்வொரு டைரக்டரும் தன் ஊரில்தான் கட்ட வேண்டும் என்றார். காரணம் கேட்டால், எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார் ஒருவர். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம்கூட இல்லையே, இதையாவது கொடுங்கள் என்றார் இன்னொருவர்.

சங்கத் தலைவர் ஜானகிராமன் பேச்சை முடித்து வைப்பதில் கெட்டிக்காரர். விஷயத்தை முடித்து வைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. "எல்லாரும் சொல்றது நியாயமாத்தான் இருக்குது, அடுத்த கூட்டத்துல பேசுவோம்" என்பார். பெரிய வாய்க்கால் ஓரம் ஒரு பழைய வெள்ளைக்கார வீட்டின் மாடியில் சங்கத்தின் ஆபீஸ். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவு, ஏறினால் கத்துகிற மரப்படி. கூட்டம் முடிந்து அத்தனை பேரும் அந்தப் படியில் இறங்கும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டால் ஏதோ பெரிய காரியம் நடந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருமுறை சொல்தா தேவதாஸ் ஒரு யோசனை சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர், யாரையும் ஐயா என்காமல் முசியே என்பவர், பத்து எருமை வைத்திருந்தார். "எதுக்கு முசியே சண்டை? மேப்ப விரிங்க. நடுவுல புள்ளி வைங்க. அங்க கட்டுங்க." எல்லோருக்கும் பிடித்துப்போனது. மேப்பை விரித்து, ஸ்கேல் வைத்து, நடுவில் புள்ளி வைத்தார்கள். புள்ளி ஊசுடு ஏரிக்குள் விழுந்தது. சொல்தா கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்ப கரையில கட்டுங்க" என்றார். எந்தக் கரை என்று அடுத்த மாதம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

இத்தனையையும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டு, தலையில் அடித்துக்கொள்ளக்கூட உரிமை இல்லாமல் இருந்தவன் அரிகிருஷ்ணன். சங்கத்தின் சூப்பர்வைசர். தினம் காலையில் லாரி டவுனுக்குள் வந்ததும் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவது அவன் வேலை. பால் பாலாகவே கொதித்தால் உள்ளே போகும். திரிந்தால் கேனோடு திருப்பி அனுப்ப வேண்டும். லாரி ஊர் ஊராகச் சுற்றி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். மேற்குக் கோடியில் இருக்கிற ஊர்களின் பால் கோடைக்காலத்தில் பாதி நாள் திரிந்துதான் வரும். விடியற்காலையில் எழுந்து கறந்தவர்களுக்கு மோர்கூட ஆகாத அந்தப் பாலைத் திருப்பி அனுப்புகிற பாவம் அவன் கையில்.

அந்த மேற்குக் கோடி ஊர்களில் ஒன்று ஈச்சங்குளம். அங்கே எல்லா வீட்டிலும் மாடு, எல்லா மாட்டையும் பார்த்துக்கொள்வது பெண்கள். அவர்களின் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவி குஞ்சம்மாள். அவள்தான் அரிகிருஷ்ணனுக்கு மாமியார்.

குஞ்சம்மாள் தலை தீபாவளிக்கு ஒரு கிடேரிக் கன்றை விற்று மாப்பிள்ளைக்கு வாட்ச் போட்டவள். கைம்பெண், துணைக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆனாலும் சொன்ன சீரில் ஒரு குண்டுமணி குறையவில்லை என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அரிகிருஷ்ணன் ஊருக்குள் சைக்கிளை நிறுத்தினால் போதும், பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து குரல் கொடுப்பாள்: "மணி என்ன மாப்ள?" மணி தெரிந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எப்போது கறக்க வேண்டும் என்பது மாட்டுக்கும் அவளுக்கும் தெரியும். அவன் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், வெயிலில் அது மின்ன வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். அரிகிருஷ்ணனும் சட்டைக் கையை நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டு மணி சொல்வான்.

வடக்கே பயிற்சிக்குப் போயிருந்தபோது அரிகிருஷ்ணன் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்திருந்தான். எந்த ஊரில் நிலையம் வைத்தால், எல்லா ஊர்ப் பாலும் சேர்ந்து மிகக் குறைந்த தூரம் போகும்? ஒரு ஊரில் நிறையப் பால், ஒரு ஊரில் கொஞ்சம். ஒவ்வொரு ஊர்ப் பாலையும் அது போகிற தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எந்த இடத்துக்குக் கூட்டுத்தொகை மிகச் சிறியதோ அதுதான் இடம். இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் டைரக்டர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்தான்.

ஒரு பலகையை வழவழவென்று இழைத்து, அதன்மேல் மேப்பை ஒட்டினான். ஒவ்வொரு ஊர் இருக்கும் இடத்திலும் ஒரு துளை. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு மெழுகு தடவிய நூல். பலகைக்குக் கீழே தொங்குகிற நுனியில் அந்த ஊரின் பாலுக்குத் தக்கபடி எடை. மேலே இருக்கிற நுனிகளையெல்லாம் சேர்த்து ஒரே முடிச்சு. முடிச்சைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் இழுத்து விடலாம். எல்லா ஊரும் அதைத் தன் பக்கம் இழுக்கும். இழுபறியில் அது நகர்ந்து நகர்ந்து போய் எந்த இடத்தில் அடங்குகிறதோ, அதுதான் எல்லோருக்கும் சேர்த்து நல்ல இடம். பத்து லிட்டருக்கு ஒரு இரும்பு நட்டு என்று வைத்துக்கொண்டான். நட்டுகளைக் கரீம் பாய் கடையில் வாங்கினான். போல்ட்டு வேண்டாம், நட்டு மட்டும் போதும் என்றதற்கு, "பால் சங்கத்துல என்னா தம்பி மெஷினு செய்றீங்க?" என்று கேட்டார் பாய். நட்டுகளைப் போட்டுத் தொங்கவிட, பழைய ரவிக்கைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தாள் அவன் மனைவி பார்வதி.

முதல் தடவை தொங்கவிட்ட அன்று மாடியில் நல்ல கூட்டம். அரிகிருஷ்ணன் முடிச்சைத் தூக்கி, வம்பே வேண்டாம் என்று ஊசுடு ஏரிக்கு நடுவில் வைத்து விட்டான். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு மேற்கே நகர்ந்தது. சாவடிமேட்டுக்குப் பக்கமாகப் போனபோது அந்த ஊர் டைரக்டர் இராமதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு சாவடிமேட்டைத் தாண்டிப் போய் ஈச்சங்குளத்துத் துளைமேல் உட்கார்ந்துவிட்டது.

அரிகிருஷ்ணனே அப்போதுதான் அதைப் பார்த்தான். காகிதத்தில் போட்ட கணக்கும் அதைத்தான் சொல்லியிருந்தது. கணக்குப் போடும்போது அது ஒரு புள்ளியாகத்தான் இருந்தது, மாமியார் ஊராக இல்லை. இது அவன் புத்தியில் இருந்த கோளாறு. புதுச்சேரியில் வேறு யாருக்கும் அந்தக் கோளாறு கிடையாது.

"பலே" என்றார் இராமதாஸ். "முடிச்சுக்குக்கூட மாமியார் வீட்டுக்கு வழி தெரியுதே!"

மாடியே சிரித்தது. அரிகிருஷ்ணனுக்குக் காது சூடானது. "நான் ஒண்ணும் செய்யலீங்க. நீங்களே இழுத்து விட்டுப் பாருங்க" என்றான். ஒவ்வொருவராக வந்து இழுத்து விட்டார்கள். கிழக்கே விட்டார்கள், தெற்கே விட்டார்கள். சொல்தா பலகையின் மூலைக்கே கொண்டுபோய் விட்டார். எங்கிருந்து விட்டாலும் அது ஆடி அசைந்து ஈச்சங்குளத்துக்கே போனது. அறிவுள்ளவன் இதற்குமேல் என்ன அத்தாட்சி கேட்பான்? சொல்தாவோ கண்களை அகல விரித்தார். "எவ்ளோ நல்லாப் பழக்கி வச்சிருக்கான் பாருங்க!"

அவர்கள் கோபப்பட்டிருந்தால்கூட அரிகிருஷ்ணன் பொறுத்திருப்பான். ஒருவரும் கோபப்படவில்லை. படியில் இறங்கும்போது ஆளாளுக்குத் தோளில் தட்டி, "பரவால்லப்பா, பொழைக்கத் தெரிஞ்ச புள்ள" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஜானகிராமன் மட்டும் அவனைத் தனியே நிறுத்தி, "செய்யறத கொஞ்சம் நாசூக்காச் செய்யக் கூடாதா? அடுத்த கூட்டத்துல இன்னொரு வாட்டி தொங்கவிடு. பாத்துச் செய்" என்றார்.

வீட்டுக்குப் போனால் பார்வதி பாயசம் வைத்திருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது.

"எங்கம்மா மேல இவ்ளோ பாசம் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அவள் கண்கூடக் கலங்கியிருந்தது.

"பார்வதி, நான் செய்யல. நூல் செஞ்சது."

"சரி, நூலுதான் செஞ்சது" என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றினாள்.

"உங்க ஊர்ல பால் அதிகம். மத்த ஊருங்களும் அதைச் சுத்தித்தான் இருக்குது. அதனாலதான் அங்க போய் நின்னுது. எந்த ஊரா இருந்தாலும் நிக்கும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டங்க" என்றாள் பார்வதி.

அவன் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். கட்டிய மனைவிகூட நம்பாத நேர்மையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? எதிரி நம்பவில்லை என்றால் சண்டை போடலாம். பிரியத்தோடு நம்பாதவளை என்ன செய்ய? அந்த எரிச்சலில்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் சாவடிமேட்டுப் பையை அவிழ்த்து, மிச்சமிருந்த நட்டுகளையெல்லாம் அள்ளி அதில் போட்டுக் கட்டினான். துணிப் பைக்குள் எத்தனை நட்டு என்று வெளியே தெரியாது.

இரண்டாம் தடவை முடிச்சு ஏரியிலிருந்து புறப்பட்டு நேரே சாவடிமேட்டுக்குப் போய் நின்றது. மாடி அதிரக் கை தட்டினார்கள். இராமதாஸ் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். மில் வேலையை விட்டு மாடு வாங்கின மனுஷர் அவர், கை இன்னும் இரும்பாகத்தான் இருந்தது. "இதுதான்யா நேர்மை! மாமியார் ஊருன்னுகூடப் பாக்கலியே!" ஜானகிராமன் அலமாரியிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துவரச் சொல்லிப் போர்த்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருட்டுத்தனம் செய்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொன்னாடை வாங்கிய அரிகிருஷ்ணன், அதைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு முழுக்கக் கசந்தது. ஆனாலும் அந்தக் கைதட்டல் அவனுக்கு இனிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

பார்வதி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சாவடிமேடு மேப்பில் ஈச்சங்குளத்துக்கு மிகப் பக்கம். கட்டைவிரல் அகலம்தான். ஆனால் புதுச்சேரி மேப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே துண்டாக இருக்காது. அங்கங்கே பிய்த்துப் போட்ட மாதிரி கிடக்கும், நடுநடுவே தமிழ்நாடு நாக்கை நீட்டும். ஈச்சங்குளத்திலிருந்து சாவடிமேட்டுக்குப் போக அப்படி ஒரு நாக்கைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் மதுவிலக்கு, அதனால் ரோட்டில் ஒரு செக்போஸ்ட். மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஈச்சங்குளத்துக்கும் நேர்ப்பாதை, சாவடிமேட்டுக்கும் நேர்ப்பாதை. அதனால் அவர்கள் யாரும் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தீர்மானம் போடுவதற்கு முன் ஒருநாள் வெள்ளோட்டம் பார்க்கச் சொன்னார் ஜானகிராமன். ஈச்சங்குளத்துப் பாலை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பாவாடை என்பவர் வண்டி ஓட்டினார். குஞ்சம்மாள் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அரிகிருஷ்ணன் பின்னாலேயே சைக்கிளில் போனான்.

செக்போஸ்டில் முன்னால் ஒரு பஸ் நின்றது. பஸ்ஸில் ஒவ்வொரு மூட்டையாக இறக்கிப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கரும்பு லாரி. வெயில் ஏறியது. ஒருவழியாக வண்டி முறை வந்ததும் போலீஸ்காரர் கேன் மூடிகளைத் திறக்கச் சொன்னார்.

"பாலுங்க" என்றாள் குஞ்சம்மாள்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. போன மாசம் பால் கேனுக்குள்ள டியூப்புல சாராயம் போச்சு. தொற."

அந்தப் புண்ணியவான் யாரோ, அவன் செய்த வேலைக்கு இங்கே எல்லாக் கேனுக்குள்ளும் ஒரு குச்சி போய் வந்தது. ஒரே குச்சி. காலையிலிருந்து எத்தனை மூட்டைக்குள், எத்தனை வைக்கோல் போருக்குள் போய் வந்த குச்சியோ. குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தாள். சண்டை போடுகிற பொம்பளைதான் அவள். அன்றைக்குச் சண்டை போடவில்லை.

சாவடிமேட்டில் அரிகிருஷ்ணன் குழாயில் பாலை எடுத்து விளக்கில் காட்டினான். முதல் கேன் திரிந்தது. இரண்டாவதும் திரிந்தது. மிச்சக் கேன்களைச் சோதிக்க அவனுக்குக் கை வரவில்லை, ஆனாலும் சோதித்தான். எல்லாம் திரிந்து கட்டி கட்டியாக நின்றன.

"புது நெலையம் வந்துட்டா, தெனமும் இந்த வழியாத்தான் கொண்டாரணுமா மாப்ள?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஒரு தடவைகூட மணி கேட்கவில்லை.

மறுநாள் அரிகிருஷ்ணன் உழவர்கரையில் இருந்த ஜானகிராமன் வீட்டுக்கே போய்விட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னான். முதலில் நின்ற இடம்தான் நிஜம், இரண்டாவது தடவை நானே நட்டுகளைக் கூட்டினேன், செக்போஸ்டில் இன்னின்ன மாதிரி ஆகிறது, தப்பு என் பேரில்தான்.

ஜானகிராமன் அவனுக்குக் காபி கொடுத்தார். பரிதாபத்தோடு பார்த்தார்.

"மாமியார் வீட்டுல ரொம்ப நெருக்கறாங்களா?" என்றார்.

"இல்லீங்க தலைவரே. நான் மெய்யாலுமே நட்டு கூட்டினேன். வேணும்னா பையை அவுத்துக் காட்டறேன்."

"இப்ப அவுத்தா கூடத்தான் இருக்கும். நேத்துப் போட்டுக் கட்டியிருப்பே. பொஞ்சாதி பேசறதில்லியாமே? கேள்விப்பட்டேன். குடும்பம்னா அப்பிடித்தாம்பா. அதுக்காக எடுத்த நல்ல பேர நீயே கெடுத்துக்காத. காபியக் குடி, ஆறுது."

அரிகிருஷ்ணன் வாய்க்கால் ஓரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். கோபத்தில் அவனுக்குச் சைக்கிள் ஏறக்கூடத் தோன்றவில்லை. உண்மையைச் செய்து காட்டினான், களவு என்றார்கள். களவைச் செய்து காட்டினான், உண்மை என்றார்கள். களவைக் களவு என்று ஒப்புக்கொண்டான், பொஞ்சாதிக்குப் பயந்தவன் என்றார்கள். இவர்களுக்கு என்னதான் புரியும்? கணக்குப் புரியாது. நூல் புரியாது. மேப் புரியாது. மாமியார், மாப்பிள்ளை, மோதிரம், வாட்ச், இதற்குமேல் இவர்கள் தலையில் எதுவும் ஏறாது. அப்படி நினைத்துத் திட்டிக்கொண்டே வந்தவன் வாய்க்கால் பாலத்துமேல் நின்றுவிட்டான். குனிந்து தன் கையைப் பார்த்தான்.

தீர்மானம் போடும் கூட்டத்துக்கு எல்லா ஊர்ச் சங்கத் தலைவர்களும் வர வேண்டும் என்பது விதி. குஞ்சம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஜன்னலோர பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். அரிகிருஷ்ணன் மரப்படி ஏறுவதற்கு முன் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் அது நெஞ்சில் வந்து இடித்தது.

"சாவடிமேட்டுக்குத் தீர்மானம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் ஜானகிராமன்.

"எனக்கு இருக்குதுங்க" என்றான் அரிகிருஷ்ணன். "சாவடிமேட்டுப் பைல நட்டு கூட்டி வச்சது நான்தான்."

"அதான் அன்னைக்கே சொன்னியேப்பா. விடு."

"ஏன் கூட்டினேன்னு சொல்லலீங்க." அவன் யாரையும் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்க அத்த தலை தீவாளிக்கு எனக்கு வாட்ச் போடறேன்னு சொன்னாங்க. போடல. அந்தக் கோவம் எனக்கு. முதல் வாட்டி அவங்க ஊருக்கு முடிச்சு போனதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. வாட்ச் போடாதவங்களுக்கு நான் ஏன் நல்லது செய்யணும்னுதான் மாத்தி வச்சேன்."

ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. "ஆங்!" என்றார் ஒருவர். "அப்பிடிச் சொல்லு!" என்றார் இன்னொருவர். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூட்டத்துக்கு ஒரு விஷயம் முழுசாகப் புரிந்தது. சொல்தா தேவதாஸ் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்குப் போடறேன்னு சொன்ன மோதிரத்தப் போடல முசியே. நாப்பது வருஷமாச்சு. இன்னைக்கும் அந்த வூட்ல நான் தண்ணி குடிக்கறதில்ல!"

நம்பாமல் இருந்தவர் இராமதாஸ் ஒருவர்தான். அவருக்கு இருந்தது அவருடைய ஊரின் கவலை. "அந்தம்மாதான் இங்கயே இருக்காங்களே. அவங்க வாயால சொல்லட்டும். ஏம்மா, மாப்ளைக்கு வாட்ச் போட்டியா, இல்லியா?"

எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. அரிகிருஷ்ணன் இதை யோசித்திருக்கவில்லை. தான் பொய் சொல்வதை யோசித்திருந்தான். அவளைக் கேட்பார்கள் என்று யோசிக்கவில்லை. கன்றை விற்றுப் போட்ட வாட்ச் அது. அவள் எழுந்து நாலு அறை அறைந்தாலும் நியாயம்தான் என்று நினைத்தான்.

குஞ்சம்மாள் அவன் கையைப் பார்த்தாள். வாட்ச் இருந்த இடத்தில், வெயில் படாத தோல் பட்டையாக வெளுத்துத் தெரிந்தது. அரிகிருஷ்ணன் கையைப் பின்னால் கொண்டுபோனான். அவள் பலகையைப் பார்த்தாள். அதில் அவளுடைய ஊர் எது என்று அவளுக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆமா" என்றாள். "போடல."

"போடறேன்னு சொன்னியா?"

"சொன்னேன். சொல்லிட்டுப் போடல. எங்கிட்ட இல்ல, போடல. அதுக்கு இன்னா இப்போ?" கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் கம்மியது. அதையும் அவர்கள் குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு தீர்ந்தது. சாவடிமேட்டுப் பையை இராமதாஸே அவிழ்த்தார். கூடுதல் நட்டுகளை அவர் கையாலேயே எண்ணி எடுத்தார். முடிச்சை ஏரியில் வைத்து விட்டார்கள். அது ஒன்றும் நடக்காத மாதிரி நகர்ந்து போய் ஈச்சங்குளத்தில் உட்கார்ந்துகொண்டது.

இராமதாஸ் குனிந்து அதைப் பார்த்தார். "மாமியார் மேல இவ்ளோ கோவம் இருக்கறவனோட பலகையே அங்கதான் போவுதுன்னா, அது மெய்யாத்தான் இருக்கும்" என்றார். நல்ல மனுஷர். அவருடைய தர்க்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. அரிகிருஷ்ணனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. சூப்பர்வைசருக்கு எழுத்துமூலம் ஒரு கண்டனமும் போட்டார்கள். சொந்தப் பகையைச் சங்க வேலையில் காட்டியதற்காக. எல்லோரும் இறங்கிப் போகும்போது ஜானகிராமன் அவனைக் கூப்பிட்டு, "அந்தப் பொன்னாடைய நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடு. பொங்கல் விழாவுக்கு ஆகும்" என்றார்.

ஈச்சங்குளத்தில் புறம்போக்கு நிலத்தில் நிலையம் எழுந்தது. அடுத்த கோடையில் எந்திரம் ஓட ஆரம்பித்தது. சுற்றிலும் உள்ள ஊர்களின் பால் வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்தது, சில்லென்று லாரி ஏறியது. லாரி ஊர் ஊராகச் சுற்றுவது குறைந்ததால், வழியில் ஏறுகிற சாவடிமேட்டுப் பால்கூட முன்னைவிடச் சீக்கிரம் டவுனுக்குப் போனது. அதை இராமதாஸ் யாரிடமும் சொல்லவில்லை. பார்வதியிடம் மட்டும் அரிகிருஷ்ணன் நடந்ததைச் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதால் மூன்று நாள் அழுதாள்.

ஈச்சங்குளத்துப் பெண்கள் குஞ்சம்மாளைச் சும்மா விடவில்லை. பால் ஊற்ற வரும்போதெல்லாம், "இனிமேலாவது மாப்ளைக்கு ஒரு வாட்ச்ச வாங்கிப் போடேன்க்கா" என்பார்கள். முன்பு அவன் கையில் வாட்ச்சைக் கண்ணால் பார்த்தவர்களே இரவல் வாங்கிக் கட்டியிருந்தானாம் என்று பேசிக்கொண்டார்கள். "போட்டா மட்டும் கட்டிக்கவா போறாரு" என்று சொல்லிவிட்டு அவள் கேனைத் தூக்குவாள். மாப்பிள்ளை வரும் நாட்களில் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவள் குரல் கேட்பதில்லை.

ஒருநாள் எல்லோரும் ஊற்றிவிட்டுப் போன பிறகு அவள் கடைசியாக நின்றாள். எந்திரம் உள்ளே இரைந்துகொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் அவள் பாலைக் குழாயில் எடுத்து விளக்கில் காட்டினான். வெள்ளையாக, பாலாகவே கொதித்தது.

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் இல்லை.

"மணி என்ன மாப்ள?" என்றாள், மெதுவாக.

அவன் சட்டைப் பையில் கையை விட்டு வாட்ச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். குஞ்சம்மாளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது அத்த."

"சரி" என்றாள் அவள். "யாரோ வர்றாங்க பாருங்க. உள்ள வைங்க."